பொன்னாடையே போய் விளக்கட்டும்

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில், எங்கள் சின்ன அருங்காட்சியகத்தில் சுலோச்சனா அக்காவுக்குப் பாராட்டு விழா. நிர்வாகக் குழுவிலிருந்து விலகுகிறார். இத்தனை வருஷமாக ஞாயிறுதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதுமக்கள் தாழியைக் காட்டி விளக்கியவர் அவர்தான். அதன் தூசியைத் துடைத்தவரும் அவர்தான். சம்பளம் கிடையாது.

மேடையில் முதல் பொன்னாடை சிறப்பு விருந்தினருக்கு. அடுத்தது தலைவருக்கு. அதற்கடுத்தது தலைவரின் மச்சினனுக்கு. அவர் எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது. கழற்றிப் போட்டதையெல்லாம் மடித்து வைத்தது யார்? அக்காவேதான்.

அக்கா முறை வந்தபோது பொன்னாடை தீர்ந்துவிட்டது. தலைவர் கொஞ்சமும் கூசாமல், அக்கா மடித்து வைத்ததிலேயே ஒன்றை உருவி அவர் தோளில் போட்டுவிட்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். "தன்னலமற்ற சேவை" என்று மைக்கில் வேறு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முடிந்ததும் அக்காவும் நானும் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினோம். கிளம்புவதற்குள் தலைவர் போன் போட்டுவிட்டார். அவர் குரல் எனக்கே கேட்டது.

"மேடம், ஞாயித்துக்கெழம சோழபுரத்துப் பிள்ளைக வருது. எப்பவும் போல வந்துருவீகள்ல?"

"பொன்னாடைய ஒங்க மேச மேலயே வச்சுட்டு வந்துட்டேன்," என்றார் அக்கா. "எஞ் சேவை அம்புட்டும் அதுலதான அடங்கிப் போச்சு? பிள்ளைகளுக்கு அதுவே வெளக்கும்."

போனை வைத்துவிட்டார்.

தலைவர் இந்தப் பதிவைப் படிப்பார், தெரியும். பொன்னாடை பாடம் எடுப்பதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை நான் போகிறேன். வேறு யார் வருகிறீர்கள்?