என் வயல் தண்ணீர் போன வழி

ஒரு கூட்டமே நின்று உங்களைத் திட்டியிருக்கிறதா? அதுவும், திட்டிக்கொண்டே உங்களுக்கு உதவியும் செய்திருக்கிறதா? எனக்குப் போன வாரம் செவ்வாய்க்கிழமை அந்த யோகம் அடித்தது. கோட்டுச்சேரிக்குப் பக்கத்தில், என் சொந்த வயலுக்குப் போகிற வழியில்.

சொந்த வயல் என்றதும் என்னைப் பெரிய மிராசு என்று நினைத்துவிடாதீர்கள். வாரம் முழுக்கக் காரைக்காலில் ஆபீஸ் நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விவசாயி. பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு வரப்பில் நடப்பேன். இரண்டு தடவை வழுக்குவேன். வீட்டுக்கு வந்து 'உடம்பெல்லாம் வலி' என்று படுத்துவிடுவேன். என் விவசாயம் அவ்வளவுதான். ஆனால், வருஷம் பூராவும் எங்கள் வீட்டில் பொங்குகிற சோறு அந்த வயல் நெல்தான்.

இந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு ஒரு மழை. சம்பா அறுக்கிற நேரத்தில் யார் கேட்டார்கள் மழையை? முற்றிய கதிரெல்லாம் பாய் விரித்த மாதிரி தண்ணீரில் சாய்ந்துவிட்டது. நெல் தண்ணீரில் கிடந்தால் சும்மா இருக்குமா? முளைக்கும். என் மனைவி ராஜேஸ்வரி வயலுக்குப் போய் ஒரு கதிரைக் கிள்ளி வந்து என் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சில நெல்லின் நுனியில் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது.

"இன்னும் ரெண்டு நாள் விட்டீங்கன்னா அறுக்கவே வேணாம். நாத்தாங்கால்னு சொல்லி வித்துடலாம்" என்றாள்.

கையால் அறுக்க ஆள் இல்லை. டயர் வைத்த அறுவடை மெஷின் சேற்றில் உட்கார்ந்துகொள்ளும். ராணுவ டாங்கி மாதிரி பட்டையில் ஓடுகிற பெல்ட் மெஷின்தான் இறங்கும். அது பூவம் பக்கம் ஒன்றே ஒன்று வந்திருந்தது. அதற்கு முன்னால் ஊரே வரிசை கட்டி நின்றது. கெஞ்சிக் கூத்தாடியதில் செவ்வாய்க்கிழமை காலை என் முறை.

டிரைவர் முருகேசன் ஆத்தூர்க்காரர். தன் வண்டி மேல் அபார நம்பிக்கை.

"வயல்ல தண்ணிய மட்டும் வடிச்சு வெச்சிருங்கண்ணா. அப்புறம் பாருங்க. எங்க வண்டி கொளத்துல எறங்குனா கொளத்தையே அறுத்துட்டு வரும்!"

திங்கள்கிழமை சாயங்காலம் மண்வெட்டியோடு போனேன். வடிகால் இருப்பது வயலின் அந்தக் கோடியில். ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால் இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டும். இந்தப் பக்க வரப்போ, என் காலடியிலேயே இருக்கிறது... நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சரி, நீங்கள் இறங்கியிருப்பீர்கள். நான் வரப்பில் ஒரு வெட்டு வெட்டினேன். தண்ணீர் சலசலவென்று ஓடியது. என் வாழ்க்கையில் நான் சொன்னதை உடனே கேட்டது அந்தத் தண்ணீர் ஒன்றுதான்.

"வடிச்சாச்சா?" – ராஜேஸ்வரி.

"ஆச்சு."

"எங்க வடிச்சீங்க?"

"வெளியில."

அந்த 'வெளி' எங்கே இருக்கிறது என்று யோசித்திருக்க வேண்டும். ரோட்டிலிருந்து வந்தால் முதலில் கலியபெருமாளின் வயல். அதைத் தாண்டித்தான் என் வயல். கலியபெருமாள் எனக்கு மாப்பிள்ளை முறை. மழைக்கு முன்பே அறுத்துவிட்ட கெட்டிக்காரர்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அறுப்புக்கு முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்து தெளித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நெல் போனதும், மிச்சமிருக்கிற ஈரத்திலேயே உளுந்து வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை விவசாயியான நான் அந்த வேலைக்கே போனதில்லை. கலியபெருமாள் வயலில் உளுந்து இரண்டிலை விட்டிருந்தது. இந்த மழையிலும் கோடு கோடாக வாய்க்கால் கீறி, தண்ணீரை வடித்து, அதைக் காப்பாற்றி வைத்திருந்தார். பின்வயல்காரனின் மெஷினுக்கு வழி இல்லை என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. அவரும் சொல்லவில்லை. "ஓரமா ஒரே தடமாப் போகச் சொல்லுங்க மாமா, உளுந்து மிதிபடாம" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை மெஷின் ஓரமாகத்தான் போனது. என் வயல் தண்ணீர் விடிய விடிய ஊறிக் கிடந்ததும் அதே ஓரத்தில்தான். பாதி தூரம் போயிருக்கும்... குளத்தை அறுக்கிற வண்டி, எருமை குட்டையில் படுக்கிற மாதிரி வயிறு படிய அமிழ்ந்தது. முருகேசன் முறுக்க முறுக்க, இன்னும் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது.

"என்னங்கண்ணா, தண்ணியே இல்லைன்னீங்க?"

"என் வயல்ல இல்லைன்னு சொன்னேன்."

செய்தி பரவியது. மெஷினுக்கு வரிசையில் இருந்த அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். என் மேல் பாசமா? அடுத்த முறை அவர்களுடையது! ஒருவர் டிராக்டர் கொண்டுவந்தார். ஒருவர் வடம் கொண்டுவந்தார். எல்லோரும் ஆளுக்கொரு வசவு கொண்டுவந்தார்கள்.

"ஆபீஸ்ல ஃபைல நிறுத்துற மாதிரி இங்க மெஷின நிறுத்திட்டாரேய்யா!"

கலியபெருமாள் வந்தார். உளுந்துக்கு மேலே நிற்கிற தண்ணீரைப் பார்த்தார்.

"மாமா, ராத்திரி மழ பெஞ்சுதா?"

"இல்லையே மாப்ள."

"அப்ப இந்தத் தண்ணி?"

நான் வானத்தை ஆராய்ந்தேன். கூட்டத்தோடு வந்து நின்ற ராஜேஸ்வரிதான் பதில் சொன்னாள்.

"அங்க ஒண்ணும் இல்ல தம்பி. அவர் வெட்டுன வரப்பப் பாருங்க."

கட்டின மனைவி இப்படிக் காட்டிக்கொடுக்கலாமா?

கலியபெருமாள் நேராகத் தன் வைக்கோல் போருக்குப் போனார். கட்டுக் கட்டாக இழுத்து வந்து மெஷினுக்கு அடியில் திணித்தார். மாட்டுக்கு வைத்திருந்த வைக்கோல்! இரண்டு தென்னைமரத் துண்டுகள் உருண்டு வந்தன. டிராக்டர் இழுத்தது, ஊர் தள்ளியது. மத்தியானம் போல மெஷின் ஒருவழியாக எழுந்து, என் வரப்பு வரை வந்து நின்றது. பின்னால் பார்த்தேன். உளுந்து இருந்த இடத்தில் உழவுச் சேறு.

கடல் பக்கம் மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது. இன்னொரு மழை அடித்தால் என் நெல் அவ்வளவுதான்.

"நிறுத்துங்க" என்றார் கலியபெருமாள். "நான் சொல்ற வரைக்கும் வயல்ல எறக்காதீங்க."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுப் பக்கம் நடந்தார்.

"போச்சு. மறிச்சுட்டாரு" என்றது கூட்டம்.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் சண்டை போட? அவர் இடத்தில் நான் இருந்தால், மறிப்பதோடு விட்டிருக்க மாட்டேன். வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். முருகேசன் இன்ஜினை நிறுத்தினார்.

"அண்ணா, அடுத்த வயலுக்கு எடுத்துட்டுப் போகட்டுங்களா?"

"இருங்க. வரட்டும்" என்றாள் ராஜேஸ்வரி.

வந்தார். இடுப்பில் கூடை. கூடையில் விதை உளுந்து. யாரையும் கேட்கவில்லை. சாய்ந்து கிடந்த என் நெல்லுக்குள் இறங்கி, வீசி வீசித் தெளிக்க ஆரம்பித்தார்.

"என் உளுந்தக் குளிப்பாட்டி அனுப்பிட்டீங்க. உங்க வயலு இப்ப நல்லா வடிஞ்சு பதமா இருக்கு மாமா. அதனால இந்த வருஷ உளுந்து எனக்கு இங்கதான். என்ன சொல்றீங்க?"

"தாராளமா மாப்ள... தாராளமாப் போட்டுக்குங்க." மாப்பிள்ளைக்கு நான் 'ங்க' போட்டது அதுதான் முதல் தடவை.

"ஒரு கண்டிஷன். உளுந்து எடுக்குற வரைக்கும் நீங்க வயல்ல கால வெக்கக் கூடாது. ரோட்ல நின்னு பாத்துட்டுப் போயிடணும்."

கூட்டம் கைதட்டியது. மெஷின் இறங்கியது. இருட்டுவதற்குள் அறுத்து முடித்தார்கள். ஓரத்து நெல் கொஞ்சம் முளைத்துப் போனது. மற்றதெல்லாம் வீடு வந்துவிட்டது. மொட்டை மாடியில் அதைக் காயப் போட்டுக் கிளறுவது என் தண்டனையின் இரண்டாம் பாகம்.

நாம் எல்லோருமே நம் வயல் தண்ணீரை 'வெளியில'தான் வடிக்கிறோம். அந்த வெளியில் யாரோ ஒருவர் உளுந்து தெளித்து வைத்திருக்கிறார் என்பது மெஷின் மாட்டும்போதுதான் தெரிகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் பைக்கை நிறுத்தி, ஒழுங்காக அங்கேயே நின்று பார்த்தேன். அறுத்த நெல்தாளுக்கு நடுவில் பச்சைப் பச்சையாக உளுந்து தலைநீட்டியிருக்கிறது. நான் கால் வைக்காத வயல் இவ்வளவு அழகாக இருக்கும் என்று இத்தனை வருஷம் யாரும் என்னிடம் சொல்லவே இல்லையே!