குடோன் என்ற பெயரில் பேட்டரி

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சோலார் கம்பெனி பேட்டரி கன்டெய்னர்களை இறக்குகிறது. எங்கள் சமையலறை ஜன்னலை ஒட்டியே அவர்கள் வேலி.

இன்று ஊராட்சி அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன்.

"ஊட்டுக்கும் பேட்டரிக்கும் எவ்வளவு தூரம் உடணும்னு ரூல் இருக்குதுங்களா?"

"அதுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லீங்க தம்பி. குடோன்னு போட்டு அனுமதி குடுத்துப்போட்டோம்" என்றார் எழுத்தர்.

"குடோன் தானா தீப்பிடிக்குமுங்களா?"

"உங்க ஊட்ல இன்வர்ட்டர் இல்லீங்களா? அதேதானுங்க இது!"

நான் எலக்ட்ரிகல் இன்ஜினியர். என் சோறே சோலாரில்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை, தள்ளி வை என்கிறேன். லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் லேசில் அணையாது. எங்கள் வீட்டுக்கு வரும் குறுகலான இட்டேரித் தடத்தில் தீயணைப்பு வண்டி நுழையவும் முடியாது. அந்த ஜன்னலுக்கு உள்ளே இருப்பது என் அம்மா.

அப்பா கோழிப்பண்ணை போடக் கேட்டபோது, அக்கம்பக்கத்துக்கு நாற்றம் அடிக்கும் என்று டேப் வைத்து அளந்து முடியாது என்றது இதே அலுவலகம்தான்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். அந்த கன்டெய்னர் மேல் நாலு கோழியை ஏற்றிவிடப் போகிறேன். அப்போதாவது டேப்போடு ஓடி வருவார்கள்.

யாரிடமாவது நாட்டுக்கோழி இருந்தால் சொல்லுங்கள்.