சாப்பாடு என்று அச்சடித்திருந்தது

யுத்த காலத்தில் நான் விழுப்புரம் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தாவாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டிவனம் போய், அங்கே நண்பர்கள் சிலர் நடத்திவந்த சங்கத்தில் கூடமாட வேலை செய்வேன். ஒழுங்காகச் செய்வேன் என்று பெயர் வாங்கியிருந்ததால், அடுக்குவது, விரிப்பது, சரிபார்ப்பது எல்லாம் என் தலையில் விழும்.

அந்த வருஷம் அடித்த காற்றில் ஊருக்கு வெளியே சேரிப் பள்ளிக்கூடத்தின் கூரை போய்விட்டது. மண்சுவர் மட்டும் நின்றது. பிள்ளைகள் புளியமரத்தடியில் படித்தார்கள். பார்வையிட வந்த அதிகாரி, மழைக்காலத்துக்குள் கூரை இல்லையென்றால் பள்ளிக்கூடத்தை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர் அதே சேரியில் பிறந்து, வெளியூரில் படித்துப் பயிற்சி முடித்துத் திரும்பிய பெண். டீச்சரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். பள்ளிக்கூடம் மூடிப்போனால் அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிடும். பிள்ளைகள்தான் மாடு மேய்க்கப் போவார்கள். இதை அவரே எங்களிடம் சொன்னார்.

டிக்கெட் போட்டு ஒரு சாப்பாடு நடத்துவது, சேரும் பணத்தில் கூரை வேய்வது என்று முடிவாயிற்று. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த ஒருவர் தம்முடைய களத்தைத் தந்தார். விழுப்புரத்தில் தெரிந்த அச்சகத்தில் நானே நின்று டிக்கெட்டை அச்சடித்து வாங்கி வந்தேன். கொட்டை எழுத்தில் ‘சாப்பாடு’ என்று போட்டிருந்தது. சமையலுக்கு ஊர்ச் சமையல்காரர். சேரிக்காரர்கள் விறகும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதாக ஏற்பாடு. யார் அப்படி ஏற்பாடு செய்தார்கள் என்றால் சொல்லத் தெரியாது. யாரும் சொல்லாமலே அப்படி ஆகியிருந்தது.

டிக்கெட் எல்லாம் விற்றபின் அரிசி கிடைக்காது என்று தெரிந்தது. கட்டுப்பாடு வந்த சமயம். விருந்துக்கு அரிசி இல்லை என்று தாலுகா ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள். கேப்பை கிடைத்தது. களி கிளறிவிடலாம் என்றோம். சமையல்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கல்யாணத்துக்குச் சமைக்கிற கையால் களி கிளற மாட்டாராம்.

டீச்சரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, மண்டியில் மல்லாட்டை உடைக்கும் பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்த அம்மாளைக் கூட்டிவந்தார். அவரும் சேரிக்காரர்தான். உரத்த குரல். வந்ததும் அண்டாக்களைத் தட்டிப் பார்த்து, இவ்வளவுதானா என்று எங்களைக் கேலி செய்தார். அவரும் இன்னும் சில பெண்களும் களி கிளறும் துடுப்பைப் பிடித்தார்கள்.

கிருஷ்ணாயில் தட்டுப்பாடு என்பதால் பொழுது இருக்கும்போதே பந்தி. களத்தில் கோணிகளை நேராக விரித்து, நுனி இடப்பக்கம் வரும்படி இலைகளைப் போட்டு முடித்தேன். களி, கீரைக் கடைசல், கத்தரிக்காய்க் குழம்பு, மல்லாட்டைத் துவையல். டிக்கெட் வாங்கியவர்கள் வந்தார்கள். அடுப்படியில் நிற்பவர்களைப் பார்த்தார்கள். சிலர் வயிறு சரியில்லை என்று வாசலோடு திரும்பினார்கள். மற்றவர்கள் உட்காராமல் நின்றார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது ஜவுளிக்கடை முதலாளியை. டிக்கெட்டுகளில் ஒரு கட்டை அப்படியே வாங்கியிருந்தவர் அவர். அவர் போனால் பந்தியே கலைந்துவிடும். பணத்தையும் திருப்பித்தான் தர வேண்டும்.

அவர் டிக்கெட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“சாப்பாடுன்னு போட்டுக்கினு களிய வச்சா எப்படி? சாப்பாடுன்னா சோறு.”

யார் சமைத்தது என்று அவர் கேட்கவில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை. களியைப் பற்றிப் பேசுவது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. தண்ணீர்க் குடத்தருகே டீச்சரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

மேஸ்திரியம்மாள் துடுப்போடு முன்னால் வந்தார்.

“மொதலாளி, உக்காந்து துன்னு பாருங்க. நாளைக்குக் கார்த்தால கடை தொறக்கசொல்ல பசியெடுத்தா இது சாப்பாடு இல்ல. உங்க துட்டை நானே வாங்கித் தர்றேன்.”

“எடுக்கலன்னா?”

“இன்னொரு கட்டு டிக்கெட்டு எடுத்துக்கோங்க. கடைக்காரருக்கு வெல பேசறது புதுசா?”

நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் திரும்பிப் போவது கஷ்டம். உட்கார்ந்தார். அவருக்கு இரு புறமும் இலைகள் நிரம்பின.

களியை அவர் மென்றார். “மெல்லாதீங்க, பல்லுல ஒட்டிக்கும். கொழம்புல தொட்டு முழுங்குங்க” என்று அங்கிருந்தே மேஸ்திரியம்மாள் சொல்ல, பந்தி முழுக்க முழுங்கக் கற்றுக்கொண்டது. பரிமாற ஆள் போதாமல் டீச்சரம்மாவும் துவையல் தூக்கை எடுத்தார். முதலாளி நிமிராமல், “இங்க கொஞ்சம்” என்றார். டீச்சரம்மா வைத்தார். அப்போதுதான் முதலாளி நிமிர்ந்து பார்த்தார். நான் அடுத்த இலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“இன்னும் கொஞ்சம் வைங்க,” என்றார்.

‘வை’ என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் அதை யாரும் தவறாக நினைத்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டிருந்தேன். காலையில், பந்திக்கு இரவல் வாங்கிய கோணிகளைத் திருப்பிக் கொடுக்க நான் கடைத்தெருவுக்குப் போனபோது, ஜவுளிக்கடை வாசலில் மேஸ்திரியம்மாள் முன்பே நின்றிருந்தார். முதலாளி பூட்டைத் திறந்துகொண்டே அவரைப் பார்த்தார்.

“பசிக்குது,” என்றார். அம்மாள் முகம் மாறியது. “ஆனா இப்பத்தான், ஒன்னப் பாத்ததும்.”

இன்னொரு கட்டு டிக்கெட் அவர் எடுக்கவில்லை. கூரை வேயும் நாளைச் சொல்லச் சொன்னார். அன்றைக்கு வேலை செய்கிறவர்களுக்குக் கேப்பை மூட்டை அனுப்பினார். அவர் வரவில்லை. மூட்டையோடு வந்த அவருடைய கணக்குப்பிள்ளை, கொஞ்ச நேரம் மரத்தடியில் நின்றுவிட்டு, யாரும் கூப்பிடுவதற்கு முன் தானாகவே வரிசையில் உட்கார்ந்து ஓர் உருண்டைக் களி கேட்டு வாங்கினார்.

வேய்ந்த கீற்று பசுமை மாறுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது உள்ளே ஓர் ஓரத்தில் மட்டும் சொட்டியது. டீச்சரம்மா அதற்கடியில் சட்டியை வைத்துவிட்டு, கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையிலும் பள்ளிக்கூடமா என்றேன்.

“கூரையப் பாக்கணும்னு பசங்க வந்துட்டாங்க. சும்மா உக்கார வெக்க முடியுமா?” என்றார்.