இடப்பக்கத்துக் கடை

தெருவில் அவளுக்கு 'நேரலை' என்றே பெயர். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். போன பத்திரிகை அலுவலகங்களில் எல்லாம் முன்அனுபவம் கேட்டார்கள். அது எங்கே கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கைப்பேசியோடு தெருவில் இறங்கிவிட்டாள். தண்ணீர் வராத குழாயும் எரியாத விளக்கும் அவள் சேனலில் செய்தியாயின. ஆனாலும் ஒவ்வொரு முறை பேசும்போதும், 'கேட்க நீ யாருடி?' என்று உள்ளே ஒரு குரல் அரித்துக்கொண்டே இருக்கும்.

அன்று பேக்கரிக்காரர் பழைய எண்ணெயை வடிகாலில் ஊற்றியதைக் கண்ணால் பார்த்தாள். பேக்கரிக்கும் பக்கத்து மெஸ்ஸுக்கும் முதுகைக் காட்டி, செல்ஃபி கேமராவைப் பார்த்து நின்று, "ஊத்துறது இடப்பக்கத்துக் கடைதான்" என்று வீடியோ போட்டாள். அவள் திரையில், கண்ணாடியில் தெரிவதுபோல, பேக்கரி இடப்பக்கம்தான் இருந்தது. பார்த்தவர்களின் திரையில் பக்கம் மாறிப்போனது. இடப்பக்கம் தெரிந்தது மெஸ்.

மதியம் தம்பி ஓடி வந்தான். "மெஸ்ல ஈ ஓட்டுறாங்க. அத்தனை பேரும் பேக்கரில நிக்கிறாங்க. என்ன பண்ணி வச்சிருக்கே?"

அவள் வீடியோவை அழித்துவிட்டு, சேனலையே மூடிவிடும் முடிவோடு மெஸ்ஸுக்குப் போனாள். மூடித் திறக்காத பாத்திரங்களின் நடுவே மெஸ் நடத்தும் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"அழிச்சிட்டேன்க்கா. இனிமே இந்த வேலையே வேணாம்."

"நல்லா இருக்கே! கொளுத்திப் போட்டுட்டு ஓடுவியா? பார்த்தவன் கண்ணையும் அழிச்சிட்டியா? வா இங்க. என் அடுப்பு பக்கத்துல நின்னு சொல்லு."

நின்றாள். கைப்பேசியைத் திருப்பி, பழைய எண்ணெயை அக்கா சேர்த்து வைக்கும் டின்னைக் காட்டினாள். வெளியே நடந்து பேக்கரிப் பலகையைத் தொட்டுக் காட்டி, "இந்தக் கடை. மாத்திச் சொன்னது என் தப்பு" என்றாள்.

"இன்னிக்குத்தான் ஓடுச்சு வியாபாரம், அதையும் கெடுத்துட்டியே!" என்று பேக்கரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். எண்ணெயைப் பற்றி மூச்சு விடவில்லை.

பொழுது சாய்வதற்குள் மெஸ் பெஞ்சுகள் மெல்ல நிரம்பின. வந்த ஒருவர் கை கழுவிக்கொண்டே, "தப்புன்னு ஒத்துக்கிட்ட நியூஸ இப்பதான் முதல் தடவையா பாக்குறேன்" என்றார்.

அக்கா அவள் முன் ஒரு தட்டை நகர்த்தினாள். நன்றி சொல்ல வாயெடுத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுமூஞ்சி, சாப்பிடு. பின்தெருவுல விளக்கு எரியலையாம். உன்னை விட்டா யாருடி போய்க் கேப்பா?"

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து தட்டை இழுத்துக்கொண்டாள்.