இரண்டு முறை அளந்தார்

எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில், நானும் அண்ணையும் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தோம். தொப்பையைக் குறைக்க அண்ணை உடற்பயிற்சி நிலையத்துக்குப் போய்வந்தார். ஒருநாள் நானும் கூடப் போனேன். பயிற்சியாளர் இடுக்கி போன்ற கருவியால் அண்ணையின் தோலைக் கிள்ளிக் கொழுப்பை அளந்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது; திரும்பவும் அளந்தார்.

"நல்லாக் குறைஞ்சிட்டுதோ?" என்று அண்ணை சந்தோசமாகக் கேட்டார்.

"கொழுப்போடை தசையும் கரையுது. சாப்பிடுறீங்களோ?"

"ஓம், முந்தியைவிடக் கூடச் சாப்பிடுறன். தண்ணி விடாய்தான் தாங்கேலாமல் கிடக்கு."

"இண்டைக்குப் பயிற்சி வேண்டாம். உடனே டாக்டரிட்டைப் போங்கோ."

வெளியே வந்ததும், "அடுத்த கிழமை பாப்பம்" என்றார் அண்ணை. அதற்குள் வேலையிடத்தில் மயங்கி விழுந்தார். கடுமையான நீரிழிவு என்றார்கள் ஆஸ்பத்திரியில். அவர் கண் திறக்கும்வரை கட்டிலடியில் நின்றேன்.