பயந்து பயந்து பிள்ளைகளை வழியனுப்பிய அக்கா

அக்காவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவரிடம் யோசனை கேட்க எங்கள் படலையைத் திறந்து வந்த பிள்ளைகளுக்கும், தங்கையாகிய நான் எழுதுவது.

அக்கா மிகவும் துணிந்தவர் என்று செத்தவீட்டில் பலர் சொன்னார்கள். இரங்கலுரை ஆற்றிய பெரியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த எனக்கு அது சரியாகப் படவில்லை. அக்கா பயந்தவர். அந்தப் பயத்தை விட்டுவிட்டு அவருடைய வாழ்க்கையைச் சொன்னால் அது வேறு யாருடையவோ வாழ்க்கையாகிவிடும்.

அக்கா பிறந்தது உடுப்பிட்டியில். எங்கள் ஐயா புகையிலைத் தோட்டம் செய்தவர். எங்களைப் பெற்ற ஆச்சி எங்கள் சிறுவயதிலேயே போய்விட்டபடியால், எனக்குத் தலை இழுத்துப் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அக்காதான். படிப்பில் கெட்டிக்காரர். ஐம்பத்தாறாம் ஆண்டு விஞ்ஞானம் படிக்கக் கொழும்புக்குப் போனார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி மிதித்த முதல் ஆள் அவர். எந்தப் பாடத்தை எடுப்பது, எங்கே தங்குவது என்று சொல்லித்தர அவருக்கு ஒருவரும் இருக்கவில்லை. இருந்திருந்தால் தாவரவியலை விட்டு இரசாயனம் படித்திருப்பேன் என்று பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

தமிழருக்கு எதிரான ஐம்பத்தெட்டுக் கலவரத்தின்போது அவர் கொழும்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு தங்கியிருந்தார். அந்த வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். அக்காவும் வீட்டுக்காரரின் மகளும் பக்கத்து வளவில் விறகு அடுக்கும் கொட்டிலுக்குள் ஒளிந்திருந்தார்கள். கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிய அக்காவை ஐயா கூட்டிவந்தார். கொட்டிலுக்குள் இருந்ததற்கு மேல் ஒரு வார்த்தையும் அவர் எங்களுக்குச் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு, பகலிலும் படலைக் கொளுக்கியைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். றோட்டில் நாலைந்து பேர் சத்தமாகக் கதைத்துக்கொண்டு போனால் கையில் இருப்பதை வைத்துவிட்டு, அவர்கள் கடந்து போகும்வரை அசையாமல் நிற்பார்.

படிப்பை விட்டுவிடுகிறேன் என்று அவர் அழுதபோது ஐயா, “விட்டிட்டு வந்து என்ன செய்யப்போறாய் மோனை? பாதிக் கிணறு வெட்டினதெண்டு ஊர் சிரிக்கும். போ” என்றார். போனார். முடித்தார். ஊருக்குத் திரும்பி ஆசிரியையானார். அதன்பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசலான ஆனையிறவைத் தாண்டவே இல்லை. உறவுக்காரரின் கலியாணங்கள் கொழும்பில் நடந்தன. அக்கா வாழ்த்து எழுதி அனுப்பினார். தமக்கென்று வந்த சம்பந்தம் ஒன்றையும், மாப்பிள்ளைக்குத் தெற்கே குருநாகலில் உத்தியோகம் என்றதும் வேண்டாமென்று விட்டார்.

தாம் போக அஞ்சிய அந்தத் திசைக்குத்தான் அவர் எத்தனையோ பிள்ளைகளை அனுப்பினார். உயர்தர வகுப்புக்கு அவர் படிப்பித்த காலத்தில் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு விறாந்தை நிறைந்துவிடும். புத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். பருத்தித்துறையிலிருந்து சைக்கிளில் தாயையும் ஏற்றிக்கொண்டு வருவார்கள். மருத்துவமா, பொறியியலா, விவசாயமா, விண்ணப்பத்தில் எதை முதலில் போடுவது என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். அக்கா புள்ளிகளைப் பற்றி முதலில் கேட்கமாட்டார். “இரத்தத்தைக் கண்டால் மயங்குவீரோ?” என்று கேட்பார். மருத்துவம்தான் வேண்டும் என்று நின்ற ஒரு பொடியனைப் பருத்தித்துறை ஆசுபத்திரி வார்ட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். அவன் வாசலிலேயே சத்தி எடுத்துவிட்டான். இன்றைக்கு அவன் நல்ல கணக்காளர். இந்த மலரை வாசித்தால் கோபிக்கமாட்டான் என்று நம்புகிறேன்.

முன்னே போன பிள்ளைகளுக்கு எழுதி எல்லாம் விசாரிப்பார். விடுதியில் சைவச் சாப்பாடு கிடைக்குமா, விரிவுரை எந்த மொழியில், எந்தப் படிப்பை முடித்தவர்களுக்கு எங்கே வேலை கிடைத்தது என்று கேட்டு வைத்துக்கொள்வார். தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்கும் தரப்படுத்தல் வந்த பிறகு அந்த வேலை கண்ணீரோடு செய்கிற வேலையாகிவிட்டது. முந்திய ஆண்டு மருத்துவத்துக்கு எடுபட்ட புள்ளியை எடுத்த பிள்ளை அடுத்த ஆண்டு வீட்டில் இருந்தது. சோதனை மறுமொழி வந்த கிழமையில் தகப்பன்மார் எங்கள் விறாந்தையில் இருந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். அக்கா தேத்தண்ணீர் கொடுத்து, அவர்கள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருந்து, பிறகு, “சரி, இனி என்ன வழியெண்டு பாப்பம்” என்பார்.

பிள்ளை புறப்பட்டுப் போன பிறகு அக்காவுக்குச் சாப்பாடு இறங்காது. சுகமாய்ச் சேர்ந்தேன் என்று கடிதம் வரும்வரை தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காத்திருப்பார்.

புவனாவின் கதையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை நான் முடிக்கக்கூடாது. புவனா பருத்தித்துறைப் பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. தாய் தெய்வானை அக்கா, தம் தமையனின் ஆதரவில் பிள்ளையை வளர்த்தவர். எழுபத்தாறில் புவனாவுக்குக் கண்டிப் பக்கத்தில் பல் வைத்தியம் படிக்க இடம் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் புதிதாகத் தொடங்கியிருந்த வளாகத்தில் விஞ்ஞானம் படிக்கவும் வழி இருந்தது. தாய்க்கு யாழ்ப்பாணம்தான் விருப்பம்.

“ரீச்சர், ஒருத்தரைக் கடலுக்கு அனுப்பிப்போட்டு இருக்கிறன். இவளையும் கண்காணாத இடத்துக்கு அனுப்பச் சொல்லுறியளோ?”

“பல்லு வைத்தியம் படிச்சால் நாளைக்கு ஆரையும் நம்பி இருக்கத் தேவையில்லை. உங்களுக்கும் அவள்தானே துணை. விடுங்கோ, நல்ல பிள்ளை, படிப்பாள்.”

“ஏதும் நடந்தால்?”

“என்ரை பொறுப்பு” என்றார் அக்கா. அந்தச் சொல்லை அவர் அதற்கு முன் ஒருவருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த ஆண்டு ஆவணியில் மீண்டும் கலவரம் வந்தது. றெயில்கள் தாறுமாறாயின. கடிதம் வரவில்லை. தெற்கிலிருந்து தப்பி வந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அக்கா வானொலிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். குளிக்க மறந்தார். போன பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பது கேட்கும்.

ஒருநாள் காலை புவனாவின் மாமன் வந்து படலைக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“பொறுப்பெண்டு சொன்னனீங்களாம், ரீச்சர். பிள்ளை எங்கை?”

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். “கப்பலிலை சனம் வந்து இறங்குதாம். நான் போய்ப் பாக்கப்போறன். நீங்களும் வாருங்கோ” என்றார் மாமன். அக்கா சேலை மாற்றாமல், செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு புறப்பட்டார். தனியே விடப் பயந்து நானும் போனேன். மாமன் பிடித்து வந்த காரில் தெய்வானை அக்கா இருந்தார்.

காங்கேசன்துறையில் அன்று கண்ட சனத்தை நான் மறக்கமாட்டேன். தலையணை உறையில் உடுப்புக் கட்டிக்கொண்டு வந்தவர்கள், ஒற்றைச் செருப்போடு வந்தவர்கள், பிள்ளையைத் தேடிக் கூப்பிட்டுக் குரல் அடைத்தவர்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்கி வரும் ஒவ்வொரு பெண்பிள்ளையின் முகத்தையும் பார்த்தார். தெய்வானை அக்கா கூட்டத்துக்குள் இடித்துக்கொண்டு போனார். எதிரே ஒரு பெண், கண்டிச் சிங்களப் பெண்கள் உடுக்கும் விதமாகச் சேலை உடுத்து, நெற்றியில் பொட்டில்லாமல் வந்தாள். தெய்வானை அக்கா அவளை விலத்திக்கொண்டு போய்விட்டார்.

“அம்மா” என்றாள் அந்தப் பெண்.

பெற்ற தாய் திரும்பிப் பார்த்தும் கொஞ்ச நேரம் அடையாளம் தெரியாமல் நின்றார். பிறகுதான் அந்த ஓலம் வந்தது.

புவனாவோடு படித்த சுமனா என்ற சிங்களப் பிள்ளையின் வீட்டார் அவளைத் தங்கள் மேல்மாடி அறைக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். சுமனாவின் தாய் தமது சேலையை அவளுக்கு உடுத்திவிட்டு, தாமும் கூடவே வந்து, கொழும்பு அகதி முகாமில் ஒப்படைத்திருக்கிறார். இதைக் கேட்டு மாமன் அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார். அக்கா அந்தக் கும்பிடை ஏற்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சில மாதங்களில் பல்கலைக்கழகம் திறந்தது. புவனா எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“ரீச்சர், நான் திரும்பிப் போறதோ, விடுறதோ?”

“என்னட்டை உந்தக் கேள்வியைக் கேளாதையும் பிள்ளை” என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து பின்பக்கம் போய்விட்டார். நான் பின்னாலே போனேன். வாழைக்குக் கட்டிய பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“போகச் சொல்லவும் பயமாக் கிடக்கு, நிக்கச் சொல்லவும் பயமாக் கிடக்கு. நிண்டாளெண்டால் சாகுமட்டும் மனம் ஆறாது. போய் ஏதும் நடந்தால் நான் என்னெண்டு உயிரோடை இருப்பன்?”

முகத்தைக் கழுவிக்கொண்டு அவர் விறாந்தைக்கு வந்தார்.

“நீர் என்ன நினைக்கிறீர்? உம்மடை மனசிலை உள்ளதைச் சொல்லும்.”

“படிக்க விருப்பம், ரீச்சர். அங்கை போய்ச் சேந்தால் சுமனா இருக்கிறாள். இந்த றெயிலை நினைக்கத்தான்...”

“அப்ப றெயிலிலை நான் வாறன்” என்றார் அக்கா.

இருபது ஆண்டளவாக ஆனையிறவைத் தாண்டாதவர் சொன்ன சொல் அது. நானும் கூடப் போனேன். கொடிகாமத்தில் ஏறினோம். வவுனியா கழிந்து சிங்கள ஊர்கள் தொடங்கியதும் அக்கா பொட்டை அழித்தார். புவனாவையும் அழிக்கச் சொன்னார். “தமிழிலை கதையாதேங்கோ” என்று எங்களுக்குக் காதுக்குள் சொன்னார். அநுராதபுரத்தில் இளைஞர்கள் சிலர் சிரித்துப் பேசிக்கொண்டு எங்கள் பெட்டிக்குள் ஏறினார்கள். அவர்களில் ஒருவன் நேரே எங்களை நோக்கி வந்தான். அக்காவின் நகம் என் மணிக்கட்டுக்குள் இறங்கியது. மற்றக் கையால் புவனாவை யன்னல் பக்கம் தள்ளி, தாம் முன்னால் வந்து இருந்தார். அவன் ஏதோ கேட்டான். பிறகு குனிந்து, நடைபாதையில் கிடந்த எங்கள் பெட்டியைத் தூக்கி மேல்தட்டில் வைத்துவிட்டு, முன் இருக்கையில் இருந்து நித்திரையானான். அவ்வளவுதான் நடந்தது. பொல்காவலையில் றெயில் மாறினோம். நானும் புவனாவும் அக்காவை இரண்டு பக்கமும் பிடித்துத்தான் இறக்கினோம்.

கண்டி ஸ்ரேசனில் சுமனாவும் தாயும் காத்திருந்தார்கள். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்கு வாய்விட்டுச் சிங்களம் பேச வரவில்லை. சுமனாவின் தாய் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த போத்தல் தண்ணீரைத் திறந்து முதலில் அவருக்குக் கொடுத்தார்.

புவனா படித்து முடித்தாள். இப்போது வவுனியாவில் பல் வைத்தியராக இருக்கிறாள். அக்கா அதன்பிறகு ஒவ்வொரு ஆண்டும், போகப் பயந்த பிள்ளைகளோடு கூடப் போய் விட்டுவிட்டு வந்தார். போகப் போகப் பழகியிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. ஒவ்வொரு முறையும் புறப்பட முதல்நாள் காய்ச்சல் வரும். ஒவ்வொரு முறையும் போனார்.

நோய் வந்தது தெரிந்தும் அவர் வெகுகாலம் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும், மறுமொழி எடுத்த பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். தாதி தடுத்தால், “விடுங்கோ, அதுகளும் பயந்து போய் வந்திருக்குதுகள்” என்பார். கடைசிக் கிழமையில் என்னிடம் சொன்னார்: “ஒரு பிள்ளைக்கும் நான் பயமில்லாமல் வழி சொன்னதில்லை, தங்கச்சி. சரியெண்டு தெரிஞ்சு சொன்னதுமில்லை.” அடுத்த நாள் நினைவு தப்பியது. போன ஆண்டு மாசி மாதத்தில் எங்களை விட்டுப் போனார்.

அவருடைய நோய்க்காலத்தில் இரவு பகல் பாராமல் உதவிய வைத்தியர்களுக்கும் தாதிகளுக்கும், கிரியைகளை நடத்திய குருக்களுக்கும், பந்தலிட்டு, தண்ணீர் சுமந்து, எங்களைச் சாப்பிடவைத்த அயலவர்களுக்கும், வவுனியாவிலிருந்து வந்து எட்டுச் சடங்கு முடியும்வரை எங்களோடு நின்ற புவனாவுக்கும், கண்டியிலிருந்து அனுதாபக் கடிதம் எழுதிய அந்தத் தாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொன்றும் எழுதவேண்டும். இந்த மலர் அச்சுக்குப் போகும் எண்பத்து மூன்றாம் ஆண்டின் இந்தக் கிழமையில், என் மூத்த மகளுக்குக் கொழும்புப் பக்கத்தில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. போகட்டுமா என்று என்னைக் கேட்கிறாள். அவள் ஆசையோடு கேட்கும்போது நான் எழுந்து பின்பக்கம் போய்விடுகிறேன். அவளுடைய தகப்பனாரும் என்னையே பார்க்கிறார். இதுவரை எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார். அக்காவிடம் வழி கேட்டுப் போய், படித்து, நல்லபடி இருக்கிறவர்கள் இதை வாசிப்பீர்களானால், தயவுசெய்து ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். வந்து, என் பிள்ளைக்கு ஒரு சொல் சொல்லுங்கள்.