அண்ணி சொல்ல மறுத்த பெயர்

என் மேசையில் விரித்திருந்த வெள்ளைத் தாளில் அந்த வண்டு கிடந்தது. கட்டெறும்பைவிடச் சற்றே நீளம். செம்மஞ்சள் உடம்பு, கறுத்த தலை. யாரோ ஒரு பெண் செருப்பால் தட்டியதில் ஒரு பக்கத்துக் கால்கள் நசுங்கியிருந்தன. அண்ணி கைலென்சைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு அதன்மேல் குனிந்திருந்தார். காற்றில் பறந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தச் சொல்லியிருந்ததால் அறையில் எல்லோருக்கும் வியர்த்தது. மூன்று பெண்களின் அப்பாக்கள், விடுதி உரிமையாளர், நான். கடைசியில் அண்ணி நிமிர்ந்து, "இது அந்த வண்டு இல்ல" என்றார். அந்தக் கணத்தில் அவர்மீது எனக்கு வந்த கோபம் இன்றும் நினைவிருக்கிறது.

அப்போது செம்பாக்கம் ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியொன்றில் நான் வார்டனாக இருந்தேன். மழைக்காலம் தொடங்கிய வாரம். செவ்வாய்க்கிழமை காலை இரண்டாம் மாடியிலிருந்து மூன்று பெண்கள் இறங்கி வந்தார்கள். ஒருத்திக்குக் கழுத்தில், இன்னொருத்திக்குக் கன்னத்தில், மூன்றாமவளுக்கு முழங்கை மடிப்பில், சூடு போட்டது போல் சிவந்த கோடுகள். மறுநாள் ஒன்பது பேராகிவிட்டார்கள். கோடுகளின் மேல் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும்பின. பக்கத்து கிளினிக் டாக்டர் பார்த்துவிட்டு, "ஏதோ கெமிக்கல் பட்ட மாதிரி இருக்கு. ஆசிட் மாதிரி" என்று சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மதியத்துக்குள் அது வாட்ஸ்அப் வழியாக ஒன்பது வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

கழுத்தும் கன்னமும் தலையணையில் படுகிற இடங்கள். தலையணை உறைகளோ திங்கட்கிழமைதான் துவைத்து வந்திருந்தன. துவைப்பவர் ஒருவர்தான். கோவிலம்பாக்கத்திலிருந்து வந்துபோன அவரைச் சலவை அக்கா என்றே எல்லோரும் கூப்பிடுவோம். ஆறு வருடமாக எங்களோடு இருந்தவர். துணிகளோடு வந்துவிட்ட கம்மல், பீரோ சாவி, ஒருமுறை ஒரு தங்கச் சங்கிலி, எதுவானாலும் அன்றே என் மேசைக்கு வந்துவிடும். ஆனால் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கழிவறை கழுவும் ஆசிட் பாட்டில் இருப்பதைக் கன்னத்தில் கொப்புளம் வந்த பெண் பார்த்துச் சொன்னாள். அந்தப் பாட்டிலை அங்கே வைக்கச் சொன்னதே நான்தான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பெண்களெல்லாம் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, கேட்டருகே வைத்து அவருடைய கூடையைத் திறந்து காட்டச் சொன்னேன். டிபன் டப்பா, ஒரு மாற்றுப் புடவை, துண்டு.

"இன்னா மேடம், நான் இன்னா பண்ணேன்? இந்தக் கை நாள் பூரா அதே சோப்புத் தண்ணிலதான் ஊறிகினு கீது. எனுக்கு ஒண்ணும் ஆவலியே" என்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

"நாளையிலேர்ந்து வர வேணாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பெற்றோரும் சேர்ந்து போலீஸில் புகார் கொடுப்பது என்று முடிவானது. புகாரை என் கையாலேயே எழுதினேன், அவர் பெயரைப் போட்டு.

வக்கீல் யாராவது தெரியுமா என்று கேட்க அண்ணனுக்குப் போன் செய்தபோது, பக்கத்திலிருந்த அண்ணி போனை வாங்கினார். "கோடு எப்படி இருக்கு? முழங்கையை மடிச்சா மேலயும் கீழயும் ஒண்ணு மேல ஒண்ணு பொருந்துதா?" பொருந்துகிறது என்றேன். "பூச்சியா இருக்கலாம். பாக்காம சொல்ல மாட்டேன்" என்றார்.

அண்ணி கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. சேலையூரில் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குப்பிகள் நிற்கும். ஒவ்வொன்றிலும் கடுகு, எள், அரிசி அளவில் வண்டுகள். ஞாயிறு ஆராதனையில் ஏதாவது வந்து பாட்டுப் புத்தகத்தின் மேல் உட்கார்ந்தால், பாடிக்கொண்டே கைப்பையிலிருந்து குப்பியை எடுப்பார். முக்கோணமாக வெட்டிய அட்டைத் துண்டின் முனையில் வண்டை ஒட்டி, அதன் கீழே பிடித்த இடத்தையும் நாளையும் எறும்பெழுத்தில் எழுதி வைப்பார். சில அட்டைகளில் பெயர் எழுத விட்ட இடம் வருடக்கணக்காகக் காலியாகவே இருக்கும். இவ்வளவு படித்தும் ஒரு பெயர் தெரியவில்லையா என்று எங்கள் குடும்பத்தில் கேலி செய்வோம். நானும் செய்திருக்கிறேன்.

அவரைத்தான் வியாழக்கிழமை என் அறையில் உட்காரவைத்து, மாடியில் கிடைத்த வண்டைக் காட்டினேன். அவர் மறுத்ததும் வண்டலூரிலிருந்து வந்திருந்த அப்பா எழுந்துவிட்டார். "அப்ப பூச்சி இல்ல, அந்தப் பொம்பளதான்."

"நான் அப்படிச் சொல்லல சார். இதுக்கு முதுகு ஓடு வயித்தை முழுசா மூடியிருக்கு பாருங்க. நான் தேடற வண்டுக்குப் பாதிதான் மூடும், குட்டைச் சட்டை போட்ட மாதிரி. நிறம் ஒண்ணா இருந்தாலும் குடும்பமே வேற. இது பாவம், யாரையும் ஒண்ணும் பண்ணாது."

அண்ணியைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க அண்ணி. எல்லாம் முடிஞ்சிடும்." சலவை அக்காவைக் காப்பாற்றுவதற்காக நான் கெஞ்சவில்லை. விடுதிக்குப் போலீஸ் வரக்கூடாது, அவ்வளவுதான். அண்ணி குரலை உயர்த்தவில்லை. "தப்பான பேரைச் சொன்னா நிஜமான வண்டு மாடியிலயே இருக்கும். நாளைக்கு இன்னொரு பொண்ணுக்கு வரும். அப்போ யாரைப் பிடிப்ப?"

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க மழை. விளக்கு வைக்கும் நேரத்தில் அண்ணி மறுபடி வந்தார். வண்டலூர் அப்பாவும் அலுவலகத்திலிருந்து நேராக வந்திருந்தார். இரண்டாம் மாடி வராந்தாவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு டியூப் லைட்டின் கீழ் அண்ணி வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டார். ஏரிக்கரைப் புல் தண்ணீருக்குள் போய்விட்டதால் அதில் வாழ்பவை வெளிச்சம் தேடி வரும் என்றார். ஈசல் வந்தது, பச்சை நிறத்தில் தத்துப்பூச்சிகள் வந்தன, அந்துப்பூச்சிகள் வந்தன. அரை மணி, முக்கால் மணி. அவர் தேடியது வரவில்லை. அந்த அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேட்டியின் அடி மடிப்பில் ஒன்று விறுவிறுவென்று ஓடியது, வாலைத் தேள் போல் தூக்கிக்கொண்டு. ஒரு பெண் கையை ஓங்கினாள். "அடிக்காதே!" என்று அண்ணி கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்று ஒருமுறைதான்.

ஈரத் தூரிகையால் அதை ஏற்றிக் குப்பியில் விட்டு லென்சில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு லென்சை அந்த அப்பாவிடம் கொடுத்தார். நீலமாய் மினுங்கும் பாதி ஓடு, செம்மஞ்சள் வயிறு, கறுத்த நுனி. "இதுதான். எந்த இனத்தைச் சேர்ந்ததுன்னு ஆண் வண்டை அறுத்துப் பாத்தாத்தான் எழுதுவேன். ஆனா இந்தக் கூட்டம்தான், சந்தேகமே இல்ல."

"இத்துனூண்டு பூச்சி கடிச்சா இப்படி ஆவுமா?"

"இது கடிக்காது சார். தூக்கத்துல மேல ஊரும்போது நசுக்கிடறாங்க. அதோட உடம்புல இருக்கிற நீர்தான் சுடுது." அவர் முகத்தில் நம்பிக்கை வராததைப் பார்த்து, அண்ணி இடது கையை நீட்டினார். தூரிகைக் காம்பால் வண்டைத் தன் முன்கையில் நசுக்கி, விரல் நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தார். "உடனே தெரியாது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க" என்றார்.

சனிக்கிழமை மூன்று முறை போன் செய்தேன். காலையில் ஒன்றுமில்லை. மதியமும் ஒன்றுமில்லை. சாயங்காலம், "லேசா சிவப்பு. நான் சொறிஞ்சதாலயும் இருக்கலாம்" என்றார். தனக்குச் சாதகமாகக்கூட ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்ல மாட்டார். புகார் மேசை டிராயரில் இருந்தது. அதில் என் கையெழுத்து ஏன் அவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அண்ணி நேராக வந்தார். பெற்றோர்கள் கூடியிருந்தார்கள். முன்கையில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினார். விரல் நீளத்துக்குச் சிவந்த கோடு, அதன்மேல் வரிசையாகக் கொப்புளங்கள். வண்டலூர் அப்பா அந்தக் கையையும் தன் மகளின் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் சொல்லாமலே புகாரைக் கிழித்தேன். ஜன்னல்களுக்கு வலை அடிக்க உரிமையாளர் அன்றே ஆள் பேசினார்.

சாயங்காலம் அண்ணியும் நானும் கோவிலம்பாக்கம் போனோம். சலவை அக்கா வாசலில் நின்றபடியே நாங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டார். உள்ளே வரச் சொல்லவில்லை. நான் எல்லாவற்றையும் சொல்லி, திரும்ப வேலைக்கு வரச் சொன்னேன். அவர் அண்ணியின் கையைத் திருப்பிப் பார்த்து, "எரியுதாம்மா?" என்றார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"ஒரு பூச்சிக்குப் பேரு சொல்ல இந்தம்மா மூணு நாள் பாத்துகீறாங்கோ. ஆறு வருசம் பாத்த எனுக்குப் பேரு வெக்க உனுக்கு அரை நாள்கூட ஆவல." அதுவரை நான் அவருக்கு மேடம். "மன்னிப்புலாம் என்னாண்ட கேக்காத. மேலேர்ந்து பாத்துகினு இருந்தாங்களே, அவங்களாண்ட சொல்லு."

அன்று சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாப் பெண்களுக்கும் முன்னால் நின்று சொன்னேன். பாட்டிலை அங்கே வைக்கச் சொன்னது யார் என்பதையும் சொன்னேன். கன்னத்தில் களிம்போடு இருந்த பெண் எழுந்து, "அக்கா, அவங்க வீடு எங்க இருக்கு?" என்று கேட்டாள். அடுத்த வாரம் நான்கைந்து பேர் போய் வந்தார்கள். சலவை அக்கா வேலைக்குத் திரும்பவில்லை.

போன மாதம், கன்னத்தில் கொப்புளம் வந்த அந்தப் பெண்ணுக்குத் தாம்பரத்தில் கல்யாணம். அண்ணி இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். மண்டபத்தில் அவரைத் தேடிக்கொண்டு போனேன். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் சலவை அக்கா உட்கார்ந்திருந்தார், தலை நரைத்து, பட்டுப் புடவையில். வரிசையில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது, சலவை அக்காவுக்கு அந்தப் பக்கம். எங்கே போவது என்று தெரியாமல் நின்றேன்.

"இன்னாத்துக்கு நின்னுகினு கீற? உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன்.